தேதியை முன்னால் இழுப்பவர்கள்

ஒரு வியாழக்கிழமை மதியம் எங்கள் மேனேஜர் ஆபீசில் இருந்த அத்தனை பேருக்கும் மட்டன் பிரியாணி வாங்கிக் கொடுத்தார். அன்று பண்டிகை இல்லை. யாருக்கும் பிறந்த நாள் இல்லை. புது புராஜெக்ட் கிடைத்ததாகவும் தகவல் இல்லை. ஓசிச் சோற்றுக்குக் காரணம் கேட்கிற பழக்கம் எனக்குக் கிடையாது என்பதால் கையைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். எதிர் நாற்காலியில் அண்ணாச்சி பொட்டலத்தைப் பிரிக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்பம் என்னத்துக்கு?" என்றார்.

"எது?"

"இந்தப் பிரியாணி. போன மாசம் குடுத்திருக்கலாம். அடுத்த மாசம் குடுத்திருக்கலாம். இப்பம் என்னத்துக்குக் குடுக்காரு?"

"பசிக்கும்னுதான் அண்ணாச்சி. ஆறிடப் போவுது, சாப்பிடுங்க."

சாப்பிட்டார். எலும்பைக்கூட விட்டுவைக்கவில்லை. ஆனால் கடைசி வாய் வரைக்கும் அவர் முகத்தில் சந்தேகம் போகவில்லை. வெள்ளி, சனி வார விடுமுறை முடிந்து ஞாயிற்றுக்கிழமை காலையில் நாங்கள் உள்ளே நுழையும்போதே சர்க்குலர் ஒட்டியிருந்தது: மறு அறிவிப்பு வரும்வரை சனிக்கிழமையும் டூட்டி. அண்ணாச்சி என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் ஒன்றும் தெரியாதவன் மாதிரி வேறு எங்கோ பார்த்துக்கொண்டே என் சீட்டுக்குப் போய்விட்டேன்.

மஸ்கட்டில் ஒரு கட்டடக் கம்பெனியில் அவர் டைம் கீப்பர், நான் டிராஃப்ட்ஸ்மேன். அங்கே ரூவி என்கிற ஏரியாவில் ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாவது மாடியில், ஒரே அறையில், எதிரெதிர் கட்டிலில் ஒன்பது வருடம் படுத்தோம். நான் இப்போது அபுதாபியில் வேறு கம்பெனியில் இருக்கிறேன். இங்கே என் எதிர்க் கட்டிலில் இருப்பவன் எந்நேரமும் காதில் எதையோ மாட்டிக்கொண்டு கிடக்கிறான். எதற்கும் காரணம் கேட்பதில்லை. அது எனக்கு நிம்மதியாக இருக்கும் என்றுதான் நினைத்தேன். இல்லை.

அண்ணாச்சி திருநெல்வேலிப் பக்கம். நான் மன்னார்குடிப் பக்கம். ஊரில் இருந்திருந்தால் ஒருவரை ஒருவர் பார்த்திருக்கவே மாட்டோம். ஒல்லியான மனிதர். மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். ஆள் எத்தனை மணிக்கு உள்ளே வந்தான், எத்தனை மணிக்கு வெளியே போனான் என்று எழுதுவதுதான் வேலை என்றாலும், சைட்டில் இருக்கிற ஆட்கள் அவரைத் தேடி வந்தது வேறு ஒன்றுக்காக. லீவ் ஃபார்ம்.

எங்கள் கம்பெனியில் இரண்டு வருடத்துக்கு ஒரு முறைதான் ஊர் லீவு. அதற்கு முன்னால் வேண்டும் என்றால் ஃபார்மில் காரணம் எழுத வேண்டும். எல்லோரும் எழுதுகிற காரணம் ஒன்றுதான்: அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. ஒரு தடவை விழுப்புரத்துக்காரர் ஒருவர், ஷட்டரிங் கார்பெண்டர், அதையே சொல்லிக்கொண்டு வந்து நின்றார். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

"எப்பம் போணும்?"

"அடுத்த மாசம் பன்னெண்டாந்தேதி சார்."

"இப்பம் என்னத்துக்கு?"

"அதான் சார், அம்மாவுக்கு ஒடம்பு..."

அண்ணாச்சி பேனாவைக் கீழே வைத்தார். "அம்மைக்கு முடியலன்னா இன்னைக்குச் சாயங்காலமே பிளேனப் பிடிக்கணும்லாவே. அடுத்த மாசம் பன்னெண்டாந்தேதி வருவேன்னு சீக்கு லெட்டர் போட்டுச்சா?"

 அந்த ஆள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பன்னிரண்டாம் தேதி அவர் மாமனார் வீட்டில் பஞ்சாயத்து. மனைவி இனி சேர்ந்து வாழ மாட்டேன் என்கிறாள். இவர் போகாவிட்டால் இவர் இல்லாமலே பேசி முடித்துவிடுவார்கள். அண்ணாச்சி மறு பேச்சில்லாமல் ஃபார்மை இழுத்து, அப்பாவுக்குக் கண் ஆபரேஷன், பன்னிரண்டாம் தேதி, கூட இருக்க வேறு ஆள் இல்லை என்று எழுதினார். ஆபரேஷன் என்றால்தான் முன்கூட்டியே தேதி இருக்கும். ஆபீசில் கேள்வி வராது. லீவு கிடைத்தது. அந்த ஆள் திரும்பி வரும்போது மனைவி அரைத்துக் கொடுத்த இட்லிப் பொடி ஒரு டப்பா கொண்டுவந்தார். பஞ்சாயத்து என்னவாயிற்று என்று நாங்கள் கேட்கவில்லை, டப்பாவே சொல்லிவிட்டது.

இப்படிப்பட்டவர் பிரிட்டிஷ் அரசியலைப் பிடித்துக்கொண்டார் என்றால் யாரும் சிரிக்கத்தான் செய்வார்கள். நானும் சிரித்தேன். ஊரில் சட்டசபைத் தேர்தலுக்கு வேட்பாளர் யார் என்று கேட்டால் அவருக்குத் தெரியாது. அவர் லீவும் நம் ஊர்த் தேர்தலும் ஒருமுறைகூட ஒன்றாக வராததால், விரலில் மை வைத்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது என்பார். ஆனால் லண்டனில் யார் ராஜினாமா, எந்தத் தொகுதியில் இடைத்தேர்தல் என்று கேட்டால் டீ ஆறும் வரை சொல்வார்.

எனக்கு நினைவிருக்கிற முதல் தேர்தல், ஒரு பெண் பிரதமர் வைத்தது. தேர்தல் வைக்க மாட்டேன் என்று பல தடவை சொன்னவர், ஐந்து வருடம் முடிய இன்னும் நிறைய நாள் இருக்கும்போதே, திடீரென்று பிரதமர் வீட்டு வாசலில் வந்து நின்று அறிவித்துவிட்டார். ஐரோப்பாவிலிருந்து பிரியும் பேச்சுவார்த்தையில் தன் கை பலமாக இருக்க வேண்டும் என்பது அவர் சொன்ன காரணம்.

"அது ஃபார்முல எழுதுத காரணம்," என்றார் அண்ணாச்சி.

"நெசக் காரணம் என்னவாம்?"

"எதிர்க்கட்சி இப்பம் படுத்துக் கெடக்கு. கருத்துக்கணிப்புல இவுக எங்கயோ உசரத்துல நிக்காவ. பேச்சுவார்த்தைன்னு உக்காந்துட்டா ஒண்ணைக் குடுத்துத்தான் ஒண்ணை வாங்கணும். அப்பம் சொந்தக் கட்சிக்காரனே கல்லெறிவான். அதுக்கு முன்ன மெஜாரிட்டியைக் கூட்டிக்கிட்டா, நாலு பேரு மொறைச்சாலும் ஆட்சி ஆடாதுலா? வெயில் ஏறதுக்கு முன்ன நாம கான்கிரீட்டைப் போட்டுருதோம்லா, அந்தமாதி."

முடிவு வந்தபோது அந்த அம்மாவுக்கு இருந்த மெஜாரிட்டியும் போயிருந்தது. எனக்கு ஒரே குஷி. அண்ணாச்சியைச் சீண்ட இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது. "என்னங்க அண்ணாச்சி, கான்கிரீட்டு விரிசல் விட்டுடுச்சே?" என்றேன்.

"கணக்குல தப்பில்லவே. எதுக்குன்னு ஜனங்களுக்கும் தெரிஞ்சு போச்சு, அதான். நம்மள வச்சுக் கணக்குப் போடுதாவன்னு தெரிஞ்சா யாருக்குப் பிடிக்கும்?"

வெள்ளிக்கிழமைகளில் நான் அறையில் இருப்பதில்லை. மார்க்கெட், முடிவெட்டுக் கடை, நண்பர்கள் என்று எதையாவது சாக்கு வைத்துக் கிளம்பிவிடுவேன். விடுமுறை நாளில் அறையில் கிடந்தால் வீட்டு நினைப்பு வந்து மனிதனைக் கொன்றுவிடும். அந்தத் தேர்தல் முடிந்த சில வாரங்களில், காய்ச்சல் என்று ஒரு வெள்ளிக்கிழமை போர்வைக்குள் படுத்திருந்தேன். நாலு மணி வாக்கில் அண்ணாச்சி எழுந்து முகம் கழுவினார். தலையில் தண்ணீர் தொட்டுச் சீவினார். இஸ்திரி போட்ட சட்டையை மாட்டி, பொத்தானைக் கழுத்து வரை போட்டுக்கொண்டார். எங்கேயோ கிளம்புகிறார் என்று நினைத்தேன். கட்டிலில் உட்கார்ந்து, ஸ்பீக்கரில் போட்டு, போன் செய்தார். வீடியோ கூட இல்லை, வெறும் போன்.

"சாப்பிட்டியாம்மா?"

"ம், சாப்ட்டேன்ப்பா."

"அங்கன மழையா?"

"ஆமா."

அதோடு நின்றுவிட்டது.   அப்போது அண்ணாச்சி தலையணைக்கு அடியிலிருந்து ஒரு தாளை எடுத்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதைப் பார்த்துக் கேட்டார். "ஏம்மா, இந்த அம்மா மெஜாரிட்டி இல்லாம எத்தனை நாள் ஓட்டுவாவ? உங்க ஆஸ்பத்திரியில என்ன பேசிக்கிடுதாவ?"

அந்தக் குரல் அதற்குப் பிறகுதான் விழித்துக்கொண்டது. நர்ஸுகள் சம்பளம், ஆள் பற்றாக்குறை, வார்டில் ஒரு கிழவர் பிரதமரைத் திட்டியது என்று அது பேசிக்கொண்டே போனது. ஒரு இடத்தில் சிரித்தது. அண்ணாச்சி "அப்படியா, அப்படியா" என்று தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். அத்தனை வருடத்தில் அவர் முகத்தைச் சந்தேகம் இல்லாமல் அன்றுதான் பார்த்தேன்.

போனை வைத்தபிறகு நான் விழித்திருப்பதைக் கவனித்துவிட்டார். கொஞ்சம் வெட்கப்பட்டார். "எனக்கும் அவளுக்கும் பேசுததுக்கு வேற என்னவே இருக்கு?" என்றார்.

அன்றைக்குத்தான் எனக்கு விஷயம் முழுதாகத் தெரிந்தது. மகளுக்கு எட்டு வயதில் அம்மா இறந்துவிட்டாள். சித்தி வீட்டில் வளர்ந்தாள். நர்சிங் படித்து, வட இங்கிலாந்தில் ஒரு சின்ன ஊர் ஆஸ்பத்திரியில் வேலைக்குப் போய்விட்டாள். அண்ணாச்சி மகளின் வயதை லீவுக் கணக்கில்தான் சொல்வார். "மொத லீவுல தவழ்ந்தா. அஞ்சாவது லீவு அவ அம்மை காரியத்துக்குப் போனது. எட்டாவது லீவுல என் உசரத்துக்கு வந்துட்டா." மொத்தமாகக் கூட்டினால் அந்தப் பெண்ணோடு அவர் இருந்தது ஒன்றரை வருடம் தேறுமா என்று தெரியவில்லை. பிரிட்டிஷ் அரசியல் அவருக்குப் பொழுதுபோக்கு என்று நினைத்த என்னை நானே ஒரு அறை விடலாம் போல இருந்தது. அவர் அதைப் பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி, வெள்ளிக்கிழமை நாலு மணிக்காகப் படித்துக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு நான் கிண்டலைக் குறைத்துக்கொண்டேன், நிறுத்தவில்லை. அடுத்த தேர்தலும் முன்கூட்டியேதான் வந்தது, வேறு பிரதமர். சபையில் எதையும் நிறைவேற்ற முடியாமல், தேர்தல் வேண்டும் என்று கேட்டுக் கேட்டு, எதிர்க்கட்சிகள் மறுத்து மறுத்து, கடைசியில் டிசம்பர் குளிரில் நடந்தது. "சபைக்குள்ள முடியல, அதான் சண்டையைத் தெருவுக்குக் கொண்டு போறாரு. ஐரோப்பா சங்கதியை முடிச்சு வைக்கேன், முடிச்சு வைக்கேன்னு ஒரே பேச்சு. ஜனங்களுக்குச் சலிச்சுப் போச்சு. சலிச்சவன் போட்டுருவான்," என்றார். போட்டுவிட்டார்கள். இந்தியப் பிரஜை அங்கே குடியிருந்தால் அவர்கள் தேர்தலில் ஓட்டுப் போடலாமாம். மகள் வரிசையில் நின்று ஓட்டுப் போட்டதை அண்ணாச்சி சைட் ஆட்கள் தங்குகிற கேம்பின் வாட்ச்மேன் வரைக்கும் சொல்லிவிட்டார்.

தேர்தல் முடிந்தால் அவருக்கு வறட்சி. போன் மறுபடியும் மூன்று நிமிடத்துக்குச் சுருங்கும். ஒரு வருடம் அங்கே பிரதமர்கள் ஒருவர் பின் ஒருவராக மாறிக்கொண்டே இருந்தார்கள். உலகமே தலையில் அடித்துக்கொண்டபோது அண்ணாச்சிக்கு மட்டும் நல்ல விளைச்சல்.

மூன்றாவது தேர்தல் எல்லோரும் எதிர்பார்த்ததுதான், ஆனால் வருடக் கடைசியில் வரும் என்றார்கள். பிரதமர் கொட்டுகிற மழையில் வாசலில் நின்று, கோட்டு நனைய, ஜூலையிலேயே தேர்தல் என்றார். கருத்துக்கணிப்பில் அவர் கட்சி பாதாளத்தில் கிடந்தது. ஜெயிப்பவன் அவசரப்படுவது புரிகிறது, தோற்பவனுக்கு என்ன அவசரம் என்று நான் கேட்டேன். அண்ணாச்சி அதற்காகவே காத்திருந்தவர் போலக் கண்ணாடியைத் துடைத்தார்.

"விலைவாசி இப்பம்தான் கொஞ்சம் எறங்கியிருக்கு. அந்த ஒரு நல்ல சேதியைக் கையில பிடிச்சுக்கிட்டு ஓடுதாரு. அடுத்த நல்ல சேதி கெடையாதுன்னு அவருக்குத் தெரியும். இப்பம் தோத்தாத் தோல்வி. வருசக் கடைசி வரைக்கும் இருந்தா சொந்த ஆளுகளே கவுத்துப் போட்டுருவானுவ. தேதியை முன்னால இழுக்கவன் ஒண்ணு ஆசையில இழுப்பான், இல்லன்னா பயத்துல இழுப்பான். இவரு பயத்துல இழுக்காரு, பாத்துக்கிடும்."

அதே வாரம், வெள்ளிக்கிழமை அல்லாத ஒரு நாளில், மகளே கூப்பிட்டாள். டிசம்பரில் மஸ்கட் வருவதாக ஏற்கெனவே சொல்லியிருந்தாள்; அப்பா இருக்கிற ஊரை அவள் பார்த்ததே இல்லை. இப்போது அடுத்த மாதமே வருகிறேன், பத்து நாள் லீவு கிடைத்துவிட்டது என்றாள்.

இரண்டு நாள் அண்ணாச்சி தரையில் நடக்கவில்லை. ரூவியில் இருக்கிற மலிவான ஹோட்டல்களில் ஏறி இறங்கி, ஏசி சத்தம் போடாத ரூமாக ஒன்றைப் பார்த்து வைத்தார். புதுப் படுக்கை விரிப்பு வாங்கினார். வெள்ளைக்காரன் நாட்டில் இருந்து வருகிறவளுக்குத் தலையணை மெத்தென்று இருக்க வேண்டுமா, கட்டியாக இருக்க வேண்டுமா என்று என்னைக் கேட்டார். அது நமக்கு எங்கே தெரியும்! என் தலையணையை அமுக்கிப் பார்த்துவிட்டுப் போனார்.

மூன்றாம் நாள் அந்தப் பிரியாணி முகம் வந்துவிட்டது.

"டிசம்பர்னு சொன்னவ, இப்பம் என்னத்துக்கு?"

"லீவு கெடைச்சிருக்கு, வர்றா. அவ்வளவுதான் அண்ணாச்சி."

"ஜூன் மாசத்துல மஸ்கட்டுக்கு எவராவது வருவாவளாவே? தார் ரோடு உருகிக் கெடக்கு."

வேலை போய்விட்டதோ என்றார். உடம்புக்கு ஏதாவதோ என்றார். யாரையாவது பிடித்துப்போய் அதைச் சொல்லத்தான் வருகிறாளோ, சொல்லட்டுமே, நானா தடுக்கப் போகிறேன் என்றார். இனிமேல் வர மாட்டேன் என்று நேரில் சொல்லிவிட்டுப் போக வருகிறாளோ என்று கேட்டுவிட்டு, வாங்கி வைத்த படுக்கை விரிப்பை மடித்தார். பிரதமரை அலசிய அதே மூளை இப்போது மகளை அலச ஆரம்பித்துவிட்டது. நான் படுத்தால் பேசினார், எழுந்தால் பேசினார், பல் தேய்க்கும்போது குளியலறைக் கதவுக்கு வெளியே நின்று பேசினார்.

அன்று எங்கள் அறை ஏசி நின்றுபோயிருந்தது. எனக்கும் வீட்டில் இருந்து ஏதோ எரிச்சலான செய்தி. "அவகிட்டயே கேட்டுட வேண்டியதுதானே அண்ணாச்சி? என் உசிரை ஏன் வாங்குறீங்க?" என்று கத்திவிட்டேன். அந்த வாக்கியத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடியும் என்றால் நான் என்ன வேண்டுமானாலும் கொடுப்பேன்.

வெள்ளிக்கிழமை கேட்டுவிட்டார். கத்திய குற்ற உணர்ச்சியில் நான் அந்த வெள்ளிக்கிழமைகளில் வெளியே போகவில்லை. இஸ்திரிச் சட்டை போட்டுக்கொண்டுதான் கேட்டார். மெதுவாகக் கேட்க வேண்டும் என்று நினைத்திருப்பார், எனக்குத் தெரியும். ஆனால் அத்தனை வருடம் மேஜைக்கு அந்தப் பக்கம் நிற்கிறவர்களிடம் கேட்டுக் கேட்டு அந்தக் கேள்விக்கு அவரிடம் ஒரே தொனிதான் இருந்தது.

"டிசம்பர்னுதானம்மா சொன்ன. இப்பம் என்னத்துக்கு?"

அந்தப் பக்கம் எதையோ கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

"ஏன்ப்பா, வரக் கூடாதா?"

"அதுக்கில்லம்மா. காரணம் என்னன்னு தெரிஞ்சா..."

"காரணம்லாம் ஒண்ணும் இல்லப்பா. விடுங்க, டிசம்பர்லயே வாரேன்." பிறகு அவளே, "சாப்ட்டீங்களா?" என்று கேட்டாள். அவர் சாப்பிட்டேன் என்றார். போன் முடிந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை அவர் தாள் நிறைய எழுதி வைத்திருந்தார். தேர்தல் சூடாக இருந்த நேரம். விவாதங்கள், வாக்குறுதிகள், யார் எங்கே உளறினார் என்று விஷயத்துக்குப் பஞ்சமே இல்லை. மகள் எல்லாவற்றுக்கும் "ம்" என்றாள். இரண்டு முறை "தெரியலப்பா" என்றாள். அவர் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். நான் ஜன்னலில் காய்ந்துகொண்டிருந்த துணியை எண்ணிக்கொண்டிருந்தேன்.

காரணம் ஊரில் இருந்து வந்தது. மகளை வளர்த்த கொழுந்தியா போன் செய்து அண்ணாச்சியைப் பிடி பிடி என்று பிடித்துவிட்டாள். சத்தம் எனக்கே கேட்டது.

"பிள்ளையை என்னத்தான் சொன்னீய? அவ அழுதுக்கிட்டுப் போன் பண்ணுதா. இந்த ஆனியில அவளுக்கு முப்பத்தொண்ணு பொறக்குதுலா? எங்க அக்கா போன வயசுலா அது? சின்னதுல இருந்தே அந்த வயசு வந்துரும், நானும் போயிருவேன்னு பயந்துக்கிட்டே இருப்பா. நர்ஸுக்குப் படிச்சும் அந்தப் பயம் போகல. பொறந்த நாளு அன்னைக்கு அப்பாகூட இருந்துட்டாப் போதும் சித்தின்னு சொல்லிட்டு லீவு போட்டா. நீங்க காரணம் கேட்டியளாமே?"

அண்ணாச்சி போனை வைத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தார். "முப்பத்தொண்ணுன்னு அன்னைக்கு அவ அம்மை சாவு சர்ட்டிபிகேட்டுல பாத்தேன்வே. பெறவு அதை நெனைக்கவே இல்ல. மறந்துட்டேன்," என்றார். வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு அழுதார். அவர் கணக்கு அப்போதும் தப்பவில்லை, பாருங்கள். மகள் பயத்தில்தான் தேதியை இழுத்திருக்கிறாள். அது எல்லோரைவிடவும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டிய பயம்.

அந்த நாளுக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது. உடனே அவளைக் கூப்பிட்டார். வாம்மா, நான் ஒண்ணும் கேக்க மாட்டேன் என்றார். அந்த லீவை வேறு நர்ஸுக்குக் கொடுத்துவிட்டார்கள், இனி கிடைக்காது, பரவாயில்லை அப்பா என்றாள் அவள். இவர் அங்கே போகலாம் என்றால் ஒன்பது நாளில் விசா நடக்கிற காரியமா? என்னைக் கேட்டார், டிராவல்ஸில் கேட்டார், தெரிந்தவர் தெரியாதவர் எல்லோரையும் கேட்டார். எல்லோரும் உதட்டைப் பிதுக்கினார்கள்.

கடைசியில் அந்த ஒரு நாளுக்கு மட்டும் லீவ் ஃபார்ம் எழுதிக் கொடுத்தார். ஊருக்குப் போகிற லீவைத் தவிர அவர் லீவு எடுத்து யாரும் பார்த்ததில்லை. மேனேஜர் அவர் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

மஸ்கட்டில் போனில் முகம் பார்த்துப் பேசுவது சுலபம் இல்லை. எல்லோரிடமும் இருக்கிற ஆப்களில் வீடியோ கால் போகாது. ஆபீஸ் மீட்டிங்குக்கு வைக்கிற ஒரு ஆப் மட்டும் ஓடும், அதுவும் இலவசம் என்றால் நாற்பது நிமிடத்தில் அறுந்துவிடும். இருவரும் மறுபடி லிங்கை அமுக்கி உள்ளே வர வேண்டும். முந்தின நாள் நான்தான் அதை அவர் போனில் போட்டு, எங்கே அமுக்குவது என்று சொல்லிக் கொடுத்தேன். என்னால் ஆன பரிகாரம் அவ்வளவுதான்.

நாலு மணி வரை நீளும் மத்தியான இடைவேளையில் அவருக்கும் சேர்த்துச் சாப்பாடு வாங்கிக்கொண்டு அறைக்குப் போனேன். கதவைத் திறந்ததுமே அவர் உதட்டில் விரலை வைத்தார். கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். போனைத் தண்ணீர் பாட்டிலில் சாய்த்து வைத்திருந்தார். திரையில் ஒரு பெண் சோபாவில் ஒருக்களித்துப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். நர்ஸ் உடையைக்கூட மாற்றவில்லை. கன்னத்துக்கு அடியில் ஒரு கை. அவளை நான் அன்றுதான் முதல் முறையாகப் பார்க்கிறேன். நெற்றி அப்படியே அண்ணாச்சியின் நெற்றி.

நைட் டூட்டி முடித்துக் காலையில் நேராக வந்து உட்கார்ந்தாளாம். மூன்று தடவை அறுந்து, மூன்று தடவையும் அவள் மறுபடி உள்ளே வந்தாளாம். அவள் ரொட்டி தின்றதை இவர் பார்த்துக்கொண்டிருந்தாராம். தேர்தலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "அப்பா, சும்மா கண்ணை மட்டும் மூடிக்கிடுதேன், வச்சிராதீங்கன்னா. அப்படியே தூங்கிட்டாவே," என்று காதோடு சொன்னார்.

திரையின் மேலே இன்னும் ஐந்து நிமிடம் என்று எழுத்து வந்தது.

"கட்டாயிடும் அண்ணாச்சி," என்றேன். "கூப்பிட்டு எழுப்புங்க. லிங்கை அமுக்கிட்டு மறுபடி படுக்கட்டும்."

"வேண்டாம். ராத்திரி பூரா நின்ன பிள்ளை." பிறகு திரையைவிட்டுக் கண்ணை எடுக்காமல், "அவ அம்மை போனதுக்கப்புறம் இந்தப் பிள்ளை தூங்கி நான் பாத்ததில்லவே. நான் லீவுல போறப்பல்லாம் சித்திகூடத்தான் படுத்துக்கிடுவா," என்றார்.

நான் சாப்பாட்டைக் கீழே வைத்துவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். இரண்டு பேரும் அவள் மூச்சுவிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். நாலு நிமிடம் ஆனது. மூன்றானது. ஒரு தடவை அவள் புரண்டு முகத்தைக் காட்டினாள். அறுந்தது.

அண்ணாச்சி உடனே லிங்கை அமுக்கி மறுபடி உள்ளே போனார். திரையில் அவர் மட்டும் இருந்தார்.

"அவ முழிக்க நாலஞ்சு மணி நேரம் ஆவும் அண்ணாச்சி. முழிச்சா அவளே கூப்பிடுவா. சாப்பிடுங்க."

"நீரு சாப்பிடும். முழிச்சதும் அவ லிங்கைத்தான் அமுக்குவா. அப்பம் நான் உள்ள இருக்கணும்லா?"

நாலு மணிக்கு நான் ஆபீசுக்குத் திரும்பக் கிளம்பியபோது அது இன்னும் மூன்று முறை அறுந்திருந்தது. மூன்று முறையும் அவர் மறுபடி உள்ளே போய்த் தனியாக உட்கார்ந்துகொண்டார்.